மூளை கூடின பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல்

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வேலையில் ஒரேயொரு கஷ்டம்தான்: வகுப்பில் கடைசிப் பிள்ளை எப்போதும் ரீச்சர்தான். இதை வாசிக்கிற உங்களில் எவராவது வெண்கட்டித் தூளைத் தின்று, சுற்றறிக்கைகளுக்குப் பதில் எழுதி, சனிக்கிழமையையும் அரசாங்கத்துக்குத் தாரைவார்த்த ஆளாக இருந்தால் நான் சொல்லப் போவது உடனே விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நாங்கள் கோபிக்க மாட்டோம், பழகிவிட்டது.

யுத்தக் காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்குக் கப்பலைவிட பீரங்கிப் படகுகள் கூட நின்ற காலம். அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் எவருக்கோ ஒரு யோசனை வந்தது. ஆரம்பப் பிரிவில் 'மீத்திறன் மிக்க' பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவர்களுக்குச் சனிக்கிழமைகளில் விசேட வகுப்பு நடத்த வேண்டும். வெளிநாட்டு உதவியும் கிடைத்துவிட்டது. எங்கள் பகுதிக்கு இணைப்பாளராக என்னைப் போட்டார்கள். ஏன் என்னை என்று கேட்கிறீர்களா? அந்தக் கூட்டத்துக்கு நான் பிந்திப் போனேன். நேரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் எனக்கு முதலே 'ஏலாது' என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

எனக்குத் துணையாக வந்தவர் நஸீர் சேர். கணித ஆசிரியர், குறிஞ்சாக்கேணிக்காரர். சனிக்கிழமை தோறும் இரண்டு தண்ணீர் கடந்து, 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவையில் நின்றபடியே வருவார். அவரும் அந்தக் கூட்டத்துக்குப் பிந்தி வந்தவர்தான்.

படத்தில் என்ன குறைகிறது?

பிள்ளைகளைத் தெரிவு செய்யும் சோதினைத் தாள் கொழும்பிலிருந்து வந்தது. கொழும்புக்கு அது எங்கிருந்து வந்தது என்பதைப் படங்களே காட்டிக்கொடுத்தன. ஒவ்வொரு படத்திலும் ஒரு பொருள் குறையும், அதைப் பிள்ளை எழுத வேண்டும். பனியால் செய்த மனிசனுக்கு மூக்கு இல்லை. எங்கள் பிள்ளைகள் பனியையே கண்டதில்லை, அதன் மூக்கை எங்கே காண்பது? பிறகு ஒரு வீட்டின் படம். ஓட்டுக்கூரை, இரண்டு ஜன்னல், முற்றத்தில் பூங்கன்று. விடைக்குறிப்பின்படி குறைகிற பொருள் புகைபோக்கி.

நானும் நஸீர் சேரும் பாடசாலை மண்டபத்தில் இருந்து தாள் திருத்திக்கொண்டிருந்தோம். சம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து எழுதின நிரோஜா என்கிற எட்டு வயசுப் பிள்ளை அந்த வீட்டுக்குக் கீழே 'பங்கர் இல்லை' என்று எழுதியிருந்தது. எழுதினதோடு விடவில்லை. வளவின் மூலையில் பனங்குற்றி பரப்பி, மண்மூட்டை அடுக்கி, ஒரு பதுங்குகுழியைக் கீறியும் வைத்திருந்தது. வாசலை நேராகக் கீறாமல் வளைத்துக் கீறியிருந்தது. ஷெல் துண்டு வளைந்து வராது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், விடைக்குறிப்பு எழுதினவருக்குத் தெரியாது.

குறிப்பின்படி அது பிழை. நான் சிவப்புப் பேனையைத் திறந்தேன். நஸீர் சேர் தாளை இழுத்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"டீச்சர், புகைபோக்கி இல்லாட்டி அந்த வீட்டுல இருமல் வரும். இந்தப் புள்ள சொல்றது இல்லாட்டி இருமுறதுக்கும் ஆள் இரிக்காது."

சரி போட்டேன்.

மொங்கோலியாவின் தலைநகரம்

தெரிவுப் பட்டியலை நாங்கள் எழுதி முடித்த மறுநாளே என் வீட்டு வாசலில் ஒரு வாகனம் நின்றது. அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி மகனோடு இறங்கினார். மகனின் பெயர் சதுர்ஷன். வீட்டுக்கு வருவதற்கும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். தாயின் கையில் ஒரு கோவை. பேச்சுப் போட்டி, மனனப் போட்டி, மாறுவேடப் போட்டி என்று பாலர் பாடசாலை தொடக்கம் வாங்கின சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்தன.

"என்ர பிள்ளையின்ர பேர் லிஸ்டில இல்லை ரீச்சர். சோதினைத் தாளிலதான் பிழை இருக்க வேணும். கேட்டுப் பாருங்கோ, என்ன வேணுமெண்டாலும் கேட்டுப் பாருங்கோ" என்றார். நான் வாய் திறக்க முதலே அவரே கேட்டார். "மொங்கோலியாவின்ர தலைநகரம்?" அவன் சொன்னான். "பெருவின்ர தலைநகரம்?" அதையும் சொன்னான். பஸ் நடத்துநர் இடங்களைக் கூப்பிடுகிற மாதிரி அவன் முகத்தில் ஒரு சலிப்பு.

நான் தேநீர் ஊற்றப் போனபோது தாயும் குசினிக்குள் வந்து, தங்கள் குடும்பத்தில் எத்தனை டொக்டர்மார் என்று எனக்குச் சொன்னார். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவர் கோவையைக் கட்டிக்கொண்டு வாகனத்தடிக்குப் போனார். சதுர்ஷன் செருப்புப் போடுகிற சாட்டில் பின்தங்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"ரீச்சர், எனக்கு மீத்திறன் இல்லையெண்டு வடிவாச் சொல்லிப்போடுங்கோ. சனிக்கிழமையிலதான் நான் கிரிக்கெட் விளையாடுறனான்."

அந்தத் தெரிவில் நான் கண்ட ஆகக் கூடிய புத்திசாலித்தனம் அதுதான். ஆனால் அதற்குப் புள்ளி போட விடைக்குறிப்பில் இடமில்லை.

வெறும் பேணி

வகுப்புத் தொடங்கி மூன்றாவது கிழமை கொழும்பிலிருந்து வளவாளர் ஒருவர் வந்தார். பயிற்சி தருகிறவருக்கு எங்கள் திணைக்களம் வைத்திருக்கிற பெயர் வளவாளர். குளிரூட்டின வாகனம், மடிப்புக் குலையாத சேட்டு, மேடைத் தமிழ். ஒரு பால்மாத் தகரப் பேணியை மேசையில் வைத்தார்.

"அன்புச் செல்வங்களே, இந்த வெற்றுப் பேணியை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம்? சிறகடித்துச் சிந்தியுங்கள்!"

அவருடைய கைநூலில் இரண்டு மாதிரி விடைகள் இருந்தன. பென்சில் போட்டு வைக்கலாம், பூங்கன்று நடலாம். எங்கள் பிள்ளைகள் அந்த இரண்டையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்குச் செய்யலாம் என்றது ஒன்று. வெட்டி விரித்துக் கூரையில் துவக்குச் சன்னம் பட்ட ஓட்டையை அடைக்கலாம் என்றது இன்னொன்று. முகாமில் அரிசி அளக்கலாம். கடல் கடக்கிற லோஞ்சில் வாந்தி எடுக்கலாம். காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் சுருட்டிப் போட்டு, மெழுகால் மூடி, கிணற்றடியில் தாட்டுவிட்டு ஓடலாம். தோப்பூரிலிருந்து வருகிற பரீஹா எழும்பி, உள்ளே கல்லுப் போட்டு வேலிக் கம்பியில் கட்டிவிட்டால் ஆள் வந்தால் சத்தம் கேட்கும் என்றாள்.

வளவாளர் ஒவ்வொன்றுக்கும் 'அபூர்வம்', 'அதி அபூர்வம்' என்று எழுதிக்கொண்டே போனார். அவருக்கு வியர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பி, இந்த வயதில் இவ்வளவு கற்பனை வளத்தைத் தாம் எந்த மாவட்டத்திலும் கண்டதில்லை என்றார். பரீஹா இன்னும் கதிரையில் இருக்கவில்லை. மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு திருத்தினாள்.

"சேர், இது கற்பன இல்ல. எங்கட ஊட்டுல இரிக்கி."

ஒளி முந்தியா, ஒலி முந்தியா?

ஒருநாள் ஒளியும் ஒலியும் பற்றிப் பாடம். மின்னல் முதலில் தெரியும், இடி பிறகுதான் கேட்கும், ஏன் என்று யோசியுங்கள் என்று கேட்டேன். கைநூலின்படி பிள்ளைகள் திகைக்க வேண்டும், பிறகு நான் விளக்க வேண்டும், அதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தது. எவரும் திகைக்கவில்லை. நிரோஜா மட்டும் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில நீங்கள் எண்ணிறேல்லையா ரீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் டவுனில் இருக்கிறனான், எங்களுக்கு வேறு வகைச் சத்தம். அது அவளுடைய வகுப்பு மாதிரியும் நான் வந்து குந்தின மாணவி மாதிரியும் அவள் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினாள்.

"மூண்டு எண்ண முந்திச் சத்தம் வந்தா உடனே பங்கருக்குள்ள குதிக்க வேணும். ஆறு எண்டா அம்மா சோறு வடிச்சுப்போட்டு வருவா. பத்துக்கு மேல போனா, 'என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய், எடுத்துப் படி' எண்டு பேசுவா."

பற்றரி இல்லாத மின்சுற்று

கடலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளால் எல்லாச் சனிக்கிழமையும் வர ஏலாது. லோஞ்சு ஓடுவது எவருடைய கையிலும் இல்லை. ஆகையால் மாதத்தில் ஒருநாள் நானும் நஸீர் சேரும் மூதூருக்குப் போய் வகுப்பு நடத்தினோம். அந்த முறை மின்சுற்றுப் பெட்டி கொண்டுபோனோம். இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் ஒரு சார்ஜன்ட் பெட்டியைத் திறந்தார். பற்றரி, வயர், சின்ன பல்பு, சுவிட்ச். அந்த நாளில் அந்தப் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். பெட்டியை அனுப்பின கொழும்புக் கந்தோருக்குத்தான் தெரியாது.

பற்றரியையும் வயரையும் எடுத்து வைத்தார். பல்புக்குத் தடையில்லையாம், தந்தார். இது எதற்கு என்று அவர் கேட்க, நஸீர் சேர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், மூளை கூடின பிள்ளைகளுக்கு ஒரு விசேட வகுப்பு என்று சொல்லிவிட்டார். சார்ஜன்டின் முகம் மாறியது. கோபமில்லை. நல்ல அக்கறை. "மூள கூடவா? நல்லதுதான். அப்ப அந்தப் புள்ள பேர் எல்லாம் லிஸ்ட் ஒன்னு நமக்கும் குடுங்க, என்ன" என்றார். லிஸ்ட் என் தோள் பைக்குள் இருந்தது. நான் சேலைத் தலைப்பால் பையை மூடிக்கொண்டு லோஞ்சில் ஏறினேன். அன்றைக்குப் பிள்ளைகள் பற்றரியைக் கொப்பியில் கீறி, வயரைக் கொப்பியில் கீறி, பல்பை மட்டும் கையில் வைத்துப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது மூதூர் இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். சைக்கிளில் ஒரு இளைஞர் வந்து, மரியாதையாக அனுமதி கேட்டு, எங்கள் மேசையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சாதாரண சாரமும் சேட்டும். அவர் இயக்கத்து ஆள் என்பதைக் கடைக்காரர் எங்களிடம் காசு வாங்காமல் உள்ளே போனதிலிருந்து விளங்கிக்கொண்டோம். நான் வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பல்புக் கதைகூடத் தெரிந்திருந்தது.

"நல்ல சேவை அக்கா. கெட்டிக்காரப் பிள்ளையள் எங்களுக்கும் தேவை. அந்த லிஸ்டில ஒரு கொப்பி எங்களுக்கும் தாங்கோ."

நாற்பதுக்குப் பூச்சியம்

அதற்கு அடுத்த மாதம் தவணைக் கணிப்பீடு. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானதன் கீழ் கோடு கீற வேண்டும். நிரோஜா பூச்சியம் எடுத்தாள். நான் பதறிப் போனேன். பிள்ளைக்குச் சுகமில்லையோ, வீட்டில் ஏதும் நடந்துவிட்டதோ என்று நஸீர் சேரிடம் தாளைக் கொடுத்தேன். அவர் தாளை இரண்டு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார்.

"டீச்சர், கண்ணை மூடிட்டுக் கீறினாலும் பத்துச் சரி வந்திரும். நாப்பதும் பிழையா வரணும் எண்டா நாப்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்."

தாயைக் கூப்பிட்டு அனுப்பினோம். வயல் வேலை செய்கிற மனிசி. லோஞ்சுக்கென்று உடுத்தின நல்ல சேலை உப்புத் தண்ணியில் நனைந்திருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை. மகளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றபடி நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளையில பிழை இல்லை ரீச்சர். நான்தான் பிழையாக் கீறு எண்டு சொல்லி விட்டனான். மூத்தவன் எல்லாத் தவணையும் முதலாம் பிள்ளை. பள்ளிக்கூடத்தில பேர் எழுதிப் போட்டவை, பரிசு குடுத்தவை. ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு. வந்து கேட்டவை, கூட்டிக்கொண்டு போட்டினம். பதினாலு வயசு. இவள் மொக்காவே இருக்கட்டும்."

மீத்திறன் மிக்க பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆலோசனை வழங்குவது எப்படி என்று எனக்கு இரண்டு நாள் பயிற்சி தந்திருந்தார்கள். இப்படி ஒரு தாயைப் பற்றி அதில் ஒரு பக்கமும் இல்லை. நிரோஜா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நஸீர் சேர் முழங்காலை மடித்து அவளுடைய உயரத்துக்கு இறங்கி, தாளை அவளுக்கு முன்னால் பிடித்தார். அவர் செய்தது பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு விசேட வகுப்பு.

"மகள், நாப்பதுல பூச்சியம் எடுத்தா விளங்கின ஆக்களுக்கு விளங்கிரும். பதினொண்டு, பன்னெண்டு எடுக்கப் பழகு. அதுதான் கஷ்டம்."

அறிவித்தல் பலகை

இந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே பட்டுத்துணியில் தைத்த சின்னங்கள். நடுவில் ஒரு சூரியன், சுற்றிவர 'மீத்திறன் மிக்க மாணவர்' என்று மூன்று மொழியிலும் எழுத்து. கூடவே ஒரு கடிதம். பிள்ளைகள் பயணத்தின்போதும் இதை அணிந்திருக்க வேண்டும், பெயர்ப்பட்டியலைக் கந்தோர் அறிவித்தல் பலகையில் போட வேண்டும், பிரதிகளை 'உரிய தரப்புகள் அனைத்துக்கும்' அனுப்ப வேண்டும். உரிய தரப்புகள் ஏற்கெனவே என்னிடம் நேரில் கேட்டுவிட்டன என்று நான் பதில் எழுதவில்லை.

நானும் நஸீர் சேரும் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தோம். பட்டியல் இல்லாமல் விட ஏலாது, எங்கள் கல்விப் பணிப்பாளர் நாளுக்கு இரண்டு தரம் கேட்கிறார். உள்ள பட்டியலைப் போடவும் ஏலாது. அப்போதுதான் என் மேசை லாச்சிக்குள் இருந்த கடிதங்கள் ஞாபகம் வந்தன. என் பிள்ளையையும் சேருங்கள் என்று டவுனில் உள்ள பெரிய மனிசர் எல்லாரும் எழுதிய கடிதங்கள். கச்சேரி, வங்கி, ஆஸ்பத்திரி, துறைமுகம் எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொன்று. லாச்சியைத் திறந்து, அந்தப் பெயர்களை அப்படியே வரிசையாக எழுதினோம். முதலாவது பெயர் சதுர்ஷன்.

இதனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிட்டால் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நஸீர் சேர் அந்தக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை. "பெரியாக்கள்ட புள்ளைகள எந்தப் பக்கமும் தொடாது டீச்சர். இந்தச் சண்டையில இது ஒண்டுலதான் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகும்" என்றார். அவர் சொன்னதே நடந்தது. சார்ஜன்ட் பட்டியலில் விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்து, மூன்றாவது தகப்பன் பெயரிலேயே "சரி சரி" என்று திருப்பித் தந்தார். தேத்தண்ணிக் கடை இளைஞர் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். பிறகு அவர் வரவேயில்லை. சின்னங்களைப் பட்டியலில் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தோம், வகுப்புக்கு வரத் தேவையில்லை, வீட்டிலேயே சுயகற்றல் என்று ஒரு குறிப்போடு. சதுர்ஷன் அதைக் குத்திக்கொண்டு சனிக்கிழமைகளில் துடுப்பெடுத்தாடினான். உண்மையான பிள்ளைகள் வரவு இடாப்பில் பெயரில்லாமல், சின்னமில்லாமல், முந்தின மாதிரியே வந்து படித்தார்கள்.

பணிப்பாளர் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று பட்டியலை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பாத்தியளே ரீச்சர், நீதியா ஒரு சோதினை வச்சா, நல்ல குடும்பத்துப் பிள்ளையள் தானாவே மேல வந்திடும்."

மதிப்பீடு

வருஷ முடிவில் வளவாளர் திரும்ப வந்தார், திட்டத்தால் பிள்ளைகளின் ஆற்றல் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளக்க. அறிவித்தல் பலகையில் உள்ள பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டார். கழுத்துப்பட்டியும் சின்னமுமாக எல்லாரும் வந்து இருந்தார்கள். மேசையில் பால்மாப் பேணியை வைத்து, சிறகடித்துச் சிந்தியுங்கள் என்றார். கடைசியில் ஒரு பிள்ளை பென்சில் போட்டு வைக்கலாம் என்றது. இன்னொரு பிள்ளை பேனையும் போடலாம் என்றது.

வளவாளர் தம்முடைய பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பிள்ளைகளின் முகம் அவருக்கு ஞாபகமில்லை, குறிப்பில் இருந்தவை விடைகள் மட்டும்தான். அதே வகுப்பு, அதே கேள்வி, அதே பேணி. அதி அபூர்வம் எல்லாம் எங்கே போய்விட்டது? அறிக்கை போன கையோடு பணிப்பாளர் எங்கள் இருவரையும் கந்தோருக்குக் கூப்பிட்டார். திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் சுயவிபரக் கோவையில் போட ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் தயாராக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

"ஒரு வருஷமாச் சனிக்கிழமை சனிக்கிழமையா மினக்கெட்டு, பிள்ளையளுக்கு இருந்த மூளையையும் இல்லாமப் பண்ணின ஆக்கள் இந்த இலங்கையில நீங்கள் ரெண்டு பேரும்தான்."

பதினேழாம் பிள்ளை

திட்டம் நின்ற பிறகும் எட்டொன்பது சனிக்கிழமை எவருக்கும் சொல்லாமல் வகுப்பு நடத்தினோம். பிறகு லோஞ்சு நின்றது, வகுப்பும் நின்றது. நிரோஜாவைத் தாய் டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். பெயரெடுக்காத ஒரு சின்னப் பாடசாலையில் சேர்த்தார். அதற்குப் பிறகு நான் அவளை ரோட்டில் கண்டால் கதைக்க மாட்டேன். அவளும் என்னைத் தெரியாத மாதிரியே போவாள். இப்படி ஒரு விசேட வகுப்பு ரீச்சரைத் தெரியும் என்பதே அவளுக்கு நல்லதில்லை. அதை நாங்கள் இருவரும் பேசி முடிவெடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். பின்னாளில் அவள் பல்கலைக்கழகம் போனாள், வெட்டுப்புள்ளிக்கு ஒரு இழை மேலே. தமையனைப் பற்றி ஒரு தகவலும் கடைசி வரை வரவில்லை. தாய் அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் பஸ் நிலையத்தில் அந்தச் சின்னப் பாடசாலையில் அவளுக்குப் படிப்பித்த ரீச்சரைச் சந்தித்தேன். பேச்சு வாக்கில், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, நிரோஜா என்று ஒரு பிள்ளை இருந்தாளாமே, எப்படி என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் முகத்தை ஞாபகப்படுத்தினார். சராசரிப் பிள்ளை, அமைதி, வால்தனம் இல்லை, எந்தத் தவணையும் பதினேழாம் பிள்ளை, ஒன்று கூடியதுமில்லை குறைந்ததுமில்லை என்றார். பதினேழு என்று என் மனம் கணக்குப் போட்டது. தன் புள்ளியை மட்டும் குறைத்தால் போதாது, மற்றப் பிள்ளைகள் முப்பது பேரும் எவ்வளவு எடுப்பார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பஸ் வந்து அவர் ஏறப் போகும்போது, ஏதோ ஞாபகம் வந்தவராகப் படியில் நின்று திரும்பினார்.

"ஒரு விசித்திரம் ரீச்சர். சமாதானம் வந்திட்டுது எண்டு றேடியோவில சொன்ன வருஷம் மூண்டு தவணையும் இந்தப் பிள்ளை முதலாம் பிள்ளை. பிறகு திரும்பச் சண்டை வரப்போகுது எண்டு கதை அடிபட்டுது, பாருங்கோ, அந்தத் தவணையே பழையபடி பதினேழு. என்ன காரணமெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

மீத்திறன் மிக்க பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது, அவர்களை எவரும் கண்டுபிடித்துவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்தச் சம்பளத்துக்கு நான் செய்த ஒரேயொரு உருப்படியான வேலை.